குஞ்சுக்கு அன்டிபயோட்டிக்கை நிறுத்தி பற்றீரியாப் பவுடர் போட்டேன், 47 செத்துவிட்டது. பிழை எங்கே?

வத்தளைக்காரன்:

ஹெந்தளையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில். ஒரு தொகுதிக்கு 800 புரொயிலர். பதினொரு வருடமாக இதுதான் தொழில். ஒருநாள் குஞ்சு வந்து இறங்கியதும் முதல் ஐந்து நாளும் தண்ணீரில் மஞ்சள் நிற அன்டிபயோட்டிக் பவுடர் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம், மஞ்சள் பவுடர் என்போம். எனக்குத் தொழில் பழக்கியவரும் அப்படித்தான் பழக்கினார். எந்த நோய்க்கு என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலுக்கு இறைச்சி கொடுக்கிறவர், "அன்டிபயோட்டிக் பாவிக்கவில்லை என்று எழுதித் தந்தால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன்" என்றார். ஆசைதான். ஒரு தீன்கடையில் 'நல்ல பற்றீரியா' என்று பைக்கற்றில் விற்பதை வாங்கிப் போட்டேன். முதல் கிழமையிலேயே 47 குஞ்சு போய்விட்டது. வழக்கமாக எட்டு, பத்துக்கு மேல் போகாது. பின்பக்கம் எச்சம் ஒட்டி, இறக்கை தொங்கி, ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. விடியற்காலையில் வாளியோடு போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவது எப்படி இருக்கும் என்று வளர்க்கிறவர்களுக்குத் தெரியும்.

இது ஏமாற்று வியாபாரமா, நான்தான் ஏதும் பிழை விட்டேனா? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்:

கடைப் பெயர், கம்பனிப் பெயர் யாரும் எழுத வேண்டாம். மருந்தின் அளவை இங்கே கேட்காமல் உங்கள் பிரதேச மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மற்றபடி தொடரலாம்.

புறக்கோட்டை நானா:

தீன் வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களைத் திட்டுவதற்கு முதல் கேளுங்கள். இந்தப் பைக்கற்றுகளில் நல்லதும் இருக்கிறது, மாவும் இருக்கிறது. 2022இல் தீனும் இல்லை, மருந்தும் இல்லை என்று நாடே தவித்தபோதுதான் இவை அதிகமாக விலைப்பட ஆரம்பித்தன. வாங்க வருகிறவர் கேட்பது ஒரே கேள்வி: "நானா, இது மஞ்சள் பவுடர் மாதிரி வேலை செய்யுமா?" ஆம் என்றால் வாங்குவார். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போவார். நான் என்ன சொல்வேன் என்று நினைக்கிறீர்கள்?

பத்துக்கோழி அக்கா:

மட்டக்குளியில் வீட்டு முற்றத்தில் பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் குஞ்சுக்கு ஒரு மருந்தும் போட்டதில்லை. அடை வைத்தால் பன்னிரண்டில் பத்துத் தப்பும், காகம் தூக்காவிட்டால். தேவைப்பட்டால் எருமைத் தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து வைப்பேன். தயிரிலும் பற்றீரியாதானே? ஒரு சட்டித் தயிரோடு முடிகிற விஷயத்துக்கு ஏன் பைக்கற்று?

பேராதனைப் பிள்ளை:

நான் மிருக வைத்தியர், பேராதனையில் படித்துவிட்டு இப்போது கொழும்பில் வேலை. வத்தளை அண்ணா, தீர்ப்புச் சொல்ல முதல் சில விஷயம் தெரிய வேண்டும். பைக்கற்றில் என்ன பற்றீரியா என்று போட்டிருக்கிறது? எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள்? பைக்கற்றை எங்கே வைத்திருந்தீர்கள்? குஞ்சு வந்த முதல் இரவு கொட்டிலில் சூடு எவ்வளவு? அப்புறம், மஞ்சள் பவுடரை உண்மையிலேயே முழுதாக நிறுத்தினீர்களா? கோபிக்காமல் பதில் சொல்லுங்கள்.

வத்தளைக்காரன்:

கோபமில்லை டொக்டர். பைக்கற்றில் லக்டோபசிலஸ் என்று மட்டும் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கோழிப்படம். கரைத்தது பைப் தண்ணீரில். வாங்கி நான்கு நாள் வானின் டாஷ்போர்டில் கிடந்தது. முதல் இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் போய் இரண்டரை மணிக்குத்தான் வந்தது. ஜெனரேற்றரில் பெற்றோல் இல்லை.

கடைசிக் கேள்விக்கு வெட்கத்தோடுதான் பதில். முதல் இரண்டு நாள் மஞ்சள் பவுடரும் போட்டேன். ஒரு பாதுகாப்புக்கு. அதே வாளியில்.

ஜாஎலக்காரன்:

ஹாஹா. மன்னிக்கவும் அண்ணா. நானும் இதையே செய்திருக்கிறேன், அதனால்தான் சிரிப்பு வந்தது.

பேராதனைப் பிள்ளை:

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இப்போது நீளமாக எழுதுகிறேன், தேநீர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

2001இல் உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு புரோபயோட்டிக், அதாவது நீங்கள் வாங்கிய 'நல்ல பற்றீரியா', என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் கொடுத்தது. உயிருள்ள நுண்ணுயிர், போதிய அளவில் கொடுத்தால், கொடுக்கப்பட்ட உடலுக்கு நன்மை தர வேண்டும். 'உயிருள்ள', 'போதிய அளவில்' என்ற இரண்டு சொல்லும் முக்கியம். லக்டோபசிலஸ் குளிரில் வைக்க வேண்டிய சாமான். கொழும்பு வெயிலில் மூடிய வானின் டாஷ்போர்டில் நான்கு நாள் கிடந்தால் பைக்கற்றுக்குள் பெரும்பாலும் செத்ததுதான் மிஞ்சும். தப்பியதை குளோரின் போட்ட பைப் தண்ணீரில் விட்டீர்கள். குளோரின் போடுவதே பற்றீரியாவைக் கொல்லத்தான், அதற்கு நல்லது கெட்டது தெரியாது. அதிலும் ஏதாவது மிஞ்சியிருந்தால் மஞ்சள் பவுடர் பார்த்துக்கொண்டிருக்கும். ஆக உங்கள் குஞ்சு புரோபயோட்டிக் என்று ஒன்றைக் குடிக்கவே இல்லை.

அப்படியானால் 47ம் ஏன் செத்தன? புரோபயோட்டிக்கும் காரணமில்லை, அன்டிபயோட்டிக் குறைந்ததும் காரணமில்லை என்றே நினைக்கிறேன். முதல் நாட்களில் குஞ்சுக்கு 32 முதல் 34 பாகை வரை சூடு வேண்டும். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இன்னும் தெரியாது. மூன்றரை மணித்தியாலம் குளிர்ந்தால் தீனுக்கும் தண்ணீருக்கும் வராமல் குவியும், குவிந்தால் நசியும். வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு சரியாகக் கரையாது, எச்சம் ஒட்டும். நீங்கள் எழுதிய காட்சி அப்படியே அதுதான். தொப்புள் வழியாகத் தொற்று ஏறியிருந்தாலும் இப்படித் தெரியும், அது குஞ்சு பொரித்த இடத்தின் சுத்தத்தைப் பொறுத்தது. செத்த இரண்டை வெட்டிப் பார்த்திருந்தால் பிரித்துச் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை எறிந்துவிடாமல் ஐஸ் பெட்டியில் வைத்து உங்கள் மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு வேலை சொல்கிறேன். குஞ்சைக் கையில் எடுத்து அதன் காலை உங்கள் கன்னத்தில் வையுங்கள். குளிராக இருந்தால் கொட்டில் குளிர். தேர்மோமீற்றர் பொய் சொல்லும், குஞ்சின் கால் சொல்லாது. மறுநாள் காலை இருபது குஞ்சின் கழுத்தடியில் உள்ள தீன்பையைத் தடவுங்கள், மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். வெறுமையாக இருக்கிற குஞ்சை எந்தப் பவுடரும் காப்பாற்றாது.

பத்துக்கோழி அக்கா:

டொக்டர் தங்கச்சி, என் தயிர்க் கேள்வி அப்படியே நிற்கிறது.

பேராதனைப் பிள்ளை:

அக்கா, உங்கள் குஞ்சு தப்புவதற்குத் தயிரைவிடப் பெரிய காரணம் உங்கள் அடைக்கோழி. அது சூடும் கொடுக்கிறது, இன்னொன்றும் கொடுக்கிறது. உங்கள் குஞ்சுகள் தாயின் எச்சத்தைக் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் அருவருப்பு. ஆனால் அந்த எச்சத்தோடுதான் ஒரு வளர்ந்த கோழிக் குடலின் பற்றீரியாக் கூட்டம் முழுதாகக் குஞ்சுக்குள் குடியேறுகிறது. வத்தளை அண்ணாவின் குஞ்சு இயந்திரத்தில் பொரித்தது, தாயைக் கண்ணால் கண்டதில்லை. அதன் குடல் வெறும் வளவு மாதிரி. முதலில் யார் வேலி அடைக்கிறார்களோ அவர்களுக்கு.

இதை நிரூபித்தது ஃபின்லாந்தில். 1971இல் அங்கே புரொயிலர் பண்ணைகளில் சல்மொனெல்லா என்ற நோய்ப் பற்றீரியா பரவி மனிதருக்கும் தொற்றியது. நூர்மி என்ற ஆய்வாளரும் ரன்தலா என்பவரும் ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடற்சாற்றை எடுத்து ஒருநாள் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு சல்மொனெல்லாவைக் கொடுத்தால் பெரும்பாலான குஞ்சுகளில் அது ஒட்டவில்லை. 1973இல் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்தது. இடம்பிடித்தவன் மற்றவனை விடமாட்டான் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. குடல் சுவரில் ஒட்டும் இடத்தைப் பிடிப்பது, லக்டிக் அமிலம் விட்டுப் புளிப்பாக்குவது, மற்றப் பற்றீரியாவைக் கொல்லும் புரதங்களை விடுவது, சாப்பாட்டுக்குப் போட்டி போடுவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

தயிர் கொஞ்சம் கொடுத்தால் கெடுதி இல்லை. ஆனால் பாலில் உறையப் பழகிய பற்றீரியா வேறு, கோழிக் குடலில் குடியிருக்கிற பற்றீரியா வேறு. வந்து போகும் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போகும். அதிகம் கொடுத்தால் கோழிக்குப் பால்வெல்லம் செரிக்காது, எச்சம் தண்ணியாகும். சட்டிக்குச் சட்டி உறையும் மாறும். எண்ணூறு குஞ்சுக்கு அதை நம்பி இறங்க முடியாது.

கணக்கன்:

சின்னச் சந்தேகம். அப்படியென்றால் பழைய கொட்டில் உமியை அள்ளிப் புதுக் குஞ்சுக்குப் போட்டாலே போதுமே?

பேராதனைப் பிள்ளை:

போடாதீர்கள். நல்லதோடு இரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணியின் முட்டையும், கோழிக்கு நோய் தரும் மரெக் வைரசும் சேர்ந்து வரும்.

ஜாஎலக்காரன்:

கோழிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பன்றிக்குட்டியின் கதை வேறு. தாய்ப்பன்றி இருக்கிறது, பால் இருக்கிறது, எல்லாம் சரியாக வளரும். 28ஆம் நாள் தாயிடமிருந்து பிரித்ததும் நான்காம் ஐந்தாம் நாளில் தண்ணியாகப் போக ஆரம்பிக்கும். ஒரு கூட்டுக்குள் பத்துக் குட்டி, அத்தனையின் வாலும் நனைந்திருக்கும். நாங்கள் அதற்குக் கொலிஸ்டின் என்ற அன்டிபயோட்டிக் போட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு நாள் என் மருமகள் (ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை) பைக்கற்றைப் பார்த்துவிட்டு, "மாமா, இதை ஐசியூவில் கடைசி மருந்தாக வைத்திருக்கிறோம், நீங்கள் பன்றிக்குப் போடுகிறீர்களா?" என்று கேட்டாள். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

நிறுத்தினேன். பற்றீரியாப் பவுடர் போட்டேன், குளிரில் வைத்து, முறையாக. என் அனுபவம்: கழிச்சல் நிற்கவில்லை. கொஞ்சம் குறைந்தது என்று சொல்லலாம், மனத்திருப்திக்காகவும் இருக்கலாம். உண்மையில் மாற்றம் தந்தது மூன்று வேலை. பத்தாம் நாளிலிருந்தே தாயோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்த தீன் பழக்கினேன். பிரிக்கிற நாளை 35க்குத் தள்ளினேன். ஒரே தாயின் குட்டிகளைக் கலக்காமல் ஒரே கூட்டில் விட்டேன். இதில் வருடத்துக்குக் குட்டி எண்ணிக்கை குறையும், அது நட்டம். ஆனால் வால் நனையவில்லை.

பேராதனைப் பிள்ளை:

உங்கள் மருமகளுக்கு என் வணக்கம். கொலிஸ்டின் கதை பெரிய கதை. 2015இல் சீனாவில் எம்சிஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், அது இருக்கிற பற்றீரியாவைக் கொலிஸ்டின் கொல்லாது. பன்றி, இறைச்சி, நோயாளி மூன்றிலும் இருந்தது. ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது, அதுதான் பயம். சீனா 2017இல் கொலிஸ்டினைத் தீனில் கலப்பதை நிறுத்தியது. இந்தியா 2019இல் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கே தடை செய்தது.

பிரித்த குட்டிக்கு ஏன் பவுடர் அவ்வளவாக உதவவில்லை என்றால், அங்கே குடல் காலியாக இல்லை, குழம்பியிருக்கிறது. இயற்கையில் பன்றிக்குட்டி பத்துப் பன்னிரண்டு கிழமைக்கு மேலும் பால் குடிக்கும். நாங்கள் நாலாம் கிழமையில் ஒரே நாளில் பாலை நிறுத்தி, தாயைப் பிரித்து, இடத்தை மாற்றுகிறோம். இரண்டு நாள் சாப்பிடாது. சாப்பிடாத குடலின் உட்சுவர் மெலியும், வயிற்றில் அமிலம் போதாது, செரிக்காத புரதம் கீழே இறங்கும், ஈகோலி என்ற குடற் பற்றீரியா அதில் விருந்து வைக்கும். அந்த நேரத்தில் நூறு கோடி நல்ல பற்றீரியாவை அனுப்புவது தீப்பிடித்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி. பிரிப்பதற்கு முதலே, தாய்க்கும் குட்டிக்கும் கொடுத்தால் பலன் அதிகம் என்று பல பரிசோதனைகளில் தெரிகிறது. ஆனாலும் இனத்துக்கு இனம், பண்ணைக்குப் பண்ணை மாறுகிறது.

டென்மார்க்கைப் பாருங்கள். வளர்ச்சிக்காக அன்டிபயோட்டிக் கலப்பதை 1998, 1999இல் நிறுத்தினார்கள். கோழியில் பெரிய பாதிப்பு இல்லை. பிரித்த பன்றிக்குட்டியில் கழிச்சல் கூடியது, மருத்துவத்துக்காகப் போடும் அன்டிபயோட்டிக்கும் சில காலம் கூடியது. அதை வளர்ப்பு முறையை மாற்றித்தான் சமாளித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் 2006 ஜனவரியில் நிறுத்தியது. கழிச்சலுக்காக அதிக அளவில் கலந்த நாக ஒட்சைட்டும் 2022இல் போனது.

ஜாஎலக்காரன்:

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். 2024இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தபோது எங்கள் பக்கத்தில் பல பட்டி காலியாகிவிட்டது. அந்த நேரத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, பற்றீரியா கலந்த தண்ணீரைத் தெளித்தால் காய்ச்சல் வராது என்று போத்தல் விற்றார். என் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார். போத்தல் இன்னும் பாதி இருக்கிறது, பன்றி ஒன்றுமில்லை.

பேராதனைப் பிள்ளை:

அது வைரஸ். தடுப்பது வேலியும், காலணி கழுவுவதும், ஹோட்டல் எச்சிற் சாப்பாட்டைக் கொதிக்க வைக்காமல் போடாமல் இருப்பதும்தான்.

வெள்ளவத்தை பரந்தன்:

இழைக்குள் ஒரு அவசரக் கேள்வி. நான் வெள்ளவத்தையில், சித்தப்பா பரந்தனில் மாடு வளர்க்கிறார். ஜேர்சிக் கலப்பு. பிறந்து ஒன்பது நாளான கன்று மஞ்சளாகத் தண்ணியாகக் கழிகிறது. கொழும்பிலிருந்து நல்ல அன்டிபயோட்டிக்கும் அந்தப் பற்றீரியாப் பவுடரும் வாங்கி இன்றிரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்கிறார். எதை வாங்குவது?

பேராதனைப் பிள்ளை:

முதலில் ஜீவனி, வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புப் பொடி. எந்தப் பாமசியிலும் இருக்கும், பரந்தனிலும் இருக்கும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமியைவிட நீரும் உப்பும் வெளியேறுவதுதான். பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள், பாலுக்கும் பாலுக்கும் நடுவில் ஜீவனித் தண்ணீர் கொடுக்கட்டும். கண் குழி விழுந்திருந்தால், கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விழாவிட்டால், பால் குடிக்கும் உணர்வு இல்லாவிட்டால் இன்றே கிளிநொச்சி மிருக வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். சேலைன் தேவைப்படும்.

ஒன்பதாம் நாள் கழிச்சல் என்றால் ரோட்டா வைரஸோ கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியோ இருக்க நல்ல சாத்தியம் உண்டு. வழக்கமான அன்டிபயோட்டிக் இரண்டையும் தொடாது. ஈகோலியில் ஒரு வகை முதல் நான்கைந்து நாளுக்குள் வந்துவிடும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஊசி போட வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். கன்று பிறந்து எவ்வளவு நேரத்தில் கடும்புப்பால் (ஈன்றதும் சுரக்கும் முதற்பால்) குடித்தது?

வெள்ளவத்தை பரந்தன்:

இப்போதுதான் கோல் எடுத்துக் கேட்டேன். இரவு ஒரு மணிக்குப் பிறந்தது. இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழும் வரை கறக்கக் கூடாது என்று காலை எட்டு மணி வரை விடவில்லையாம். இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்துதான் கறந்தாராம். கடும்பில் பாதியை சித்தி அவித்து அயலுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கும் கடும்பு என்றால் உயிர், என்னைத் திட்டாதீர்கள்.

பேராதனைப் பிள்ளை:

உங்களைத் திட்டவில்லை, எனக்கும் பிடிக்கும். சர்க்கரை போட்டு அவித்தால் இரண்டு கோப்பை போகும். ஆனால் கன்று தாயின் வயிற்றில் இருக்கும்போது நோயெதிர்ப்புப் புரதம் அதற்குக் கடப்பதில்லை. முழுதும் கடும்பில்தான் வரும். குடல் அந்தப் பெரிய புரதத்தை அப்படியே உள்வாங்குவது ஒருநாள்தான், அதிலும் முதல் ஆறு மணித்தியாலம் தங்கம். 25 கிலோக் கன்றுக்கு அந்த நேரத்துக்குள் இரண்டரை லீற்றர் வேண்டும், உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு. கொடி விழக் காத்திருக்கத் தேவையில்லை, கன்று குடித்தால் கொடி விழவும் அது உதவும். மிச்சமிருந்தால் அவியுங்கள், முதல் கறவை கன்றுக்கு.

பற்றீரியாப் பவுடர் கன்றில் வேலை செய்யுமா என்றால், செய்யும், பிறந்த நாளிலிருந்து பாலில் கலந்து கொடுத்து வந்தால் கழிச்சல் நாட்கள் குறைவதாகப் பல பரிசோதனை காட்டுகிறது. முதல் கிழமைகளில் பால் நேரே நாலாவது வயிற்றுக்குப் போகிறது, அசைபோடும் பெரிய வயிறு இன்னும் உருவாகவில்லை, அதனால் குடலுக்குப் போய்ச் சேரும். ஆனால் கடும்பு தவறிய கன்றுக்கு அதை ஈடுசெய்ய முடியாது.

கணக்கன்:

எல்லோரும் அனுபவம் எழுதுகிறீர்கள், நல்லது. ஆனால் வத்தளை அண்ணா அடுத்த தொகுதியில் சூட்டைச் சரிசெய்து, தண்ணீரை மாற்றி, பவுடரையும் சரியாக வைத்து, குஞ்சு தப்பினால் எதனால் தப்பியது என்று எப்படிச் சொல்வார்? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பாராட்டு எப்போதும் பைக்கற்றுக்குத்தான் போகும். ஏனென்றால் அதற்குத்தானே காசு கொடுத்தோம்.

800ஐ நடுவில் மறைத்து 400, 400 ஆகப் பிரியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பவுடர். தண்ணீர்ப் பாத்திரமும் செருப்பும் வேறு வேறு.

புறக்கோட்டை நானா:

வியாபாரிக்கும் ஒரு கேள்வி. வாங்கும்போது எதைப் பார்ப்பது? பாலில் கொஞ்சம் போட்டு வைத்தால் உறைய வேண்டும், உறைந்தால் உயிர் இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் எனக்குச் செய்து காட்டினார்.

பேராதனைப் பிள்ளை:

நானா, அது நல்ல வித்தை. சில வகை உறையவைக்கும், சிலது வைக்காது. உறைந்தாலும் எத்தனை உயிர் இருந்தது என்று சொல்லாது. பொதுவான பொருட்களில் ஒரு கிலோ தீனுக்கு நூறு கோடி உயிரணு என்ற அளவில் வரும்படி கணக்கிடுவார்கள்.

லேபலில் லக்டோபசிலஸ் என்று பொதுப்பெயர் மட்டும் இருந்தால் அது 'மனுசன்' என்று அடையாள அட்டையில் எழுதிய மாதிரி. இனப்பெயர் வேண்டும், அதற்குப் பின்னால் இன்ன வகை என்ற இலக்கமோ எழுத்தோ வேண்டும். ஒரே இனத்தில் ஒரு வகை வேலை செய்யும், இன்னொன்று சும்மா இருக்கும். உயிரணு எண்ணிக்கை காலாவதித் திகதி வரைக்குமானதா, செய்த நாளுக்குரியதா என்று பாருங்கள். சேமிக்கும் வெப்பநிலை இருக்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பெயரே இல்லாத பைக்கற்றை நீங்களே வைக்காதீர்கள் நானா, உங்கள் கடைப் பெயர்தான் கெடும்.

பசிலஸ் சப்டிலிஸ், பசிலஸ் லிக்கெனிஃபோர்மிஸ் என்று போட்டிருந்தால் அவை வித்து வடிவில் தூங்கிக்கொண்டிருக்கும். தீனைக் குறுணை பிடிக்கும்போது வரும் 80 பாகைச் சூட்டையும் தாங்கும், பைப் தண்ணீரின் குளோரினையும் பெருமளவு தாங்கும். எங்கள் வெயிலுக்கும் எங்கள் வான்களுக்கும் இதுதான் தோது. லக்டோபசிலஸ், என்டரோகொக்கஸ் என்றால் கவனம் அதிகம் தேவை. பைப் தண்ணீரை அகன்ற வாளியில் பிடித்து ஓரிரவு திறந்து வையுங்கள், குளோரின் மணம் போகும். தடுப்பூசித் தண்ணீருக்குப் போடுகிற மாதிரி லீற்றருக்கு இரண்டரை கிராம் கொழுப்பகற்றிய பால்மாவும் போடலாம். கரைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க விடுங்கள்.

பற்றீரியா என்றாலே சாது என்றும் நினைக்க வேண்டாம். டொயோயி என்று ஒரு பசிலஸ் வகை ஐரோப்பாவில் தீனில் பல வருடம் இருந்தது. அதுவே குளோரம்பெனிக்கோல், டெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக்குகளுக்கு எதிர்ப்பு மரபணு சுமக்கிறது என்று தெரிந்து 2013இல் அனுமதியை இடைநிறுத்தினார்கள். அன்டிபயோட்டிக்குக்குப் பதிலாகக் கொண்டுவந்த பொருளே எதிர்ப்பைச் சுமந்து வந்த கதை.

வத்தளைக்காரன்:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். கணக்கன் தம்பியைத் திட்டிக்கொண்டேதான் கொட்டிலுக்கு நடுவில் தார்ப்பாய் கட்டினேன். அடுத்த தொகுதியில் ஜெனரேற்றருக்குப் பெற்றோல், குஞ்சு வருவதற்கு ஒரு நாள் முதலே பல்ப் போட்டு உமியைச் சூடாக்கினேன், தண்ணீர் இரவே வாளியில். இரண்டு பக்கத்துக்கும் மஞ்சள் பவுடர் இல்லை. இடது பக்கம் மட்டும் பசிலஸ் பவுடர்.

முதல் கிழமை இடது பக்கம் 3, வலது பக்கம் 4. முப்பத்தைந்தாம் நாள் வரை இடது 9, வலது 12. நிறை இடது சராசரி 1.95 கிலோ, வலது 1.92.

இடது பக்கம் உமி காய்ந்திருந்தது மாதிரி எனக்குப் பட்டது. மனைவி இல்லை என்கிறாள்.

கணக்கன்:

அண்ணா, ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவு வித்தியாசம் வரும். முதல் கிழமையில் அன்று செத்த 47 எங்கே, இன்று இரண்டு பக்கமும் சேர்த்து 7 எங்கே என்று பாருங்கள்.

பேராதனைப் பிள்ளை:

சுத்தமான கொட்டிலில் பவுடரின் பலன் இப்படித்தான் சின்னதாகத் தெரியும். நெருக்கமும் அழுக்கும் உள்ள இடத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரிவதுண்டு. அதனால் பண்ணைக்காரர் அழுக்கை அப்படியே வைத்துக்கொண்டு பவுடரை வாங்குகிறார். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் அன்டிபயோட்டிக் செய்த கழிவைக் குஞ்சுத் தீனில் கலந்தபோது வளர்ச்சி கூடிய கதையும் இதே மாதிரிதான்: கிருமி கூடிய இடத்தில்தான் அதன் மகிமையும் கூடத் தெரிந்தது.

வத்தளைக்காரன்:

ஹோட்டலுக்கு இறைச்சி கொடுக்கிறவருக்கு, அன்டிபயோட்டிக் பாவிக்கவில்லை என்று கடிதம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, தீனில் கொக்சிடியாவுக்கு (இரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணிக்கு) போடுகிற மருந்து இருக்கிறதா என்று கேட்கிறார். தீன் மூட்டையில் சலினோமைசின் என்று இருக்கிறது. இதுவும் அன்டிபயோட்டிக்கா டொக்டர்?

பேராதனைப் பிள்ளை:

அமெரிக்கக் கணக்கில் ஆம். ஐரோப்பியக் கணக்கில் அது தீனில் சேர்க்கும் கொக்சிடியாத் தடுப்பு, அன்டிபயோட்டிக் பட்டியலில் இல்லை. மனிதருக்குப் பாவிப்பதில்லை. எந்தக் கணக்கு என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதை உடனே நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் இரத்தக் கழிச்சல் வரும், அதற்குத் தடுப்பூசி வேறு திட்டம்.

வெள்ளவத்தை பரந்தன்:

சித்தப்பாவின் கன்று தப்பிவிட்டது. ஜீவனி மூன்று நாள். பவுடர் அனுப்பவில்லை. அடுத்த மாடு வைகாசியில் ஈனும், முதல் கறவை கன்றுக்கு என்று சித்தி ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் இரண்டாம் கறவை முழுதும் தனக்காம்.

வத்தளைக்காரன்:

அடுத்த குஞ்சு 14ஆம் திகதி வருகிறது. இந்தமுறை பவுடர் வலது பக்கம் போடுகிறேன், இடது பக்கம் ஜன்னலோரம் என்பதால்தான் உமி காய்ந்ததோ என்று மனைவி சொல்லிவிட்டாள். தார்ப்பாய் அப்படியே இருக்கிறது.